நடுவரை அழைக்கும் நன்னெறி

உலக நாகரிகத்துக்குப் புதுச்சேரி வழங்கிய கொடைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேர்கோட்டுத் தெருக்களையும் மொறுமொறு ரொட்டியையும் சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார்கள். பாவம், விவரம் போதாது. சீட்டாட்டப் போட்டியில் எதிராளி ஏமாற்றினால் நடுவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை மனிதகுலத்துக்கு எழுத்தில் வடித்துக் கொடுத்த ஊர் இதுதான். மற்ற ஊர்க்காரர்கள் ஆடத் தெரிந்தவர்கள். கூப்பிடத் தெரிந்தவர்கள் நாம்.

இந்த மகத்தான சாதனையை முழுதாகப் படித்தவர் உலகத்திலேயே ஒரே ஒருத்திதான். சாரம் பகுதியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அப்துல் மாலிக்கின் மகள் இஃப்ஃபத். நடுவரை அழைக்கும் விதிகள் நாற்பத்தொன்றையும் கம்ப்யூட்டரில் அடித்து, இரண்டு முறை பிழை திருத்தி, மடித்துப் பசை தடவியவள் அவள். விதிகளை இயற்றிய கமிட்டியே அவற்றைக் கடைசிவரை படித்ததாகத் தகவல் இல்லை.

இஃப்ஃபத் அச்சுக்கடையோடு நின்றவள் அல்ல. 'டிராகன் தர்பார்' என்று ஒரு சீட்டாட்டம் இருக்கிறது. பூதம், பல்லி, எலும்புக்கூடு எல்லாம் படம் போட்ட சீட்டுகள். ஆளுக்கு இருபது உயிர். கையில் மூன்று சீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் தன் அடுக்கிலிருந்து ஒரே ஒரு சீட்டு எடுக்கலாம். அதை வைத்து எதிராளியின் உயிரைக் குறைக்கலாம். லாஸ்பேட்டை காலேஜ் பிள்ளைகள் ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே பரப்பிவைத்து ஆடுவார்கள். அதில் இஃப்ஃபத் கெட்டிக்காரி. மூன்று வருஷமாகப் புதுவைப் போட்டியில் ஆடுகிறாள். இரண்டு முறை அரையிறுதியோடு திரும்பியிருக்கிறாள். முதலிடம் வருகிறவர் கோழிக்கோட்டில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். ஆனால் இருபத்தைந்து வயது முடிந்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து முடிகிறது. ஆகவே இந்த வருஷம் இல்லையென்றால் எந்த வருஷமும் இல்லை.

போட்டியை நடத்துவது புதுவை அட்டை விளையாட்டு மேம்பாட்டுக் கழகம். 'சீட்டு' என்ற சொல்லைக் கழகம் தொடுவதில்லை. சீட்டு என்றால் போலீஸ் வரும். ஏலச்சீட்டில் ஏமாந்தவர்கள் வருவார்கள். தேர்தல் காலமானால் சீட்டுக் கேட்டுக் கட்சிக்காரர்கள் வருவார்கள். எனவே 'அட்டை'. மழைக்காலத்தில் காலில் ஏறி ரத்தம் உறிஞ்சும் ஜந்துவுக்கும் அதே பெயர்தானே என்று ஓர் உறுப்பினர் நினைவூட்டினார். கமிட்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பெயர் பொருத்தமாகவே இருப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

தலைவர் மிசியே அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் சமையல்கட்டில் பதினைந்து வருஷம் வெங்காயம் நறுக்கி, 'சொல்தா' எனும் சிப்பாய் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். செயலாளர் சுமலதா. எந்தப் பேச்சையும் தீர்மானமாக மாற்றிவிடும் திறமை அவருக்கு உண்டு. போன வருஷம் டீ வரத் தாமதமானதற்கும் அவர் ஓர் இரங்கல் தீர்மானம் எழுதியிருக்கிறார்.

நடுவர் கோவிந்தராசு. இவரைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஒரு கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். மார்பில் பட்டை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் மூன்று முறை கூவி அழைத்த வாய் அது. அவர் கூப்பிட்டு மூன்றாவது குரலுக்கும் வராதவன் வழக்கு 'எக்ஸ்பார்ட்டி' ஆகிவிடும்; வராததாலேயே தோல்வி. முப்பத்தொரு வருஷமும் மற்றவர்களைக் கூப்பிட்டவருக்கு, தன்னை யாராவது முறையாகக் கூப்பிட மாட்டார்களா என்று ஓர் ஏக்கம் இருந்தால் அது தப்பா? ஆட்டத்தின் விதி அவருக்குத் தெரியாது என்று சிலர் குறை சொன்னார்கள். ஒன்று எடுக்க வேண்டும், இரண்டு எடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். அது போதும் என்று கமிட்டி கருதியது.

எல்லாவற்றுக்கும் காரணம் போன வருஷத்துப் போட்டியில் நடந்த அந்த அவமானம். வைத்திக்குப்பத்துப் பையன் ஒருவன், ஆடிக்கொண்டிருக்கும்போதே, "அண்ணே, கொஞ்சம் வாண்ணே, இவன் போங்கு ஆடறான்" என்று குரல் கொடுத்தான். கோவிந்தராசு என்ன செய்தார் தெரியுமா? ஓடினார். ஓடிப்போய், சீட்டை எண்ணி, போங்கு ஆடியவனை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 

நடுவர் ஓடலாமா? அதுவும் 'வாண்ணே'க்கு? கமிட்டி கொதித்துப்போய் அவசரக் கூட்டம் போட்டது. விதிப்புத்தகம் அச்சடிக்க விலை சொல்ல வேண்டும் என்று இஃப்ஃபத்தையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"முதல்ல, எப்படிக் கூப்பிடறதுன்னு முடிவு பண்ணுவோம்" என்றார் சுமலதா. "'ஜட்ஜ்'னு கூப்பிடலாமா?"

"வேணாம்மா" என்றார் கோவிந்தராசு. "நான் எத்தினியோ ஜட்ஜுக்குக் கதவு தொறந்து விட்டவன். நாளைக்கு ரோட்டுல பாத்தா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நடுவர்?"

"அது டிவில பட்டிமன்றத்துக்குச் சிரிச்சிக்கினு உக்காந்திருக்கறவரு. எனக்கு அவ்வளவு நேரம் சிரிப்பு வராது."

"ரெஃப்ரி?"

"விசில் ஊதணும். எனக்குப் பல்லு செட்டு."

அப்போதுதான் மிசியே அந்துவான் மேசையைத் தட்டினார். "ழூழ்!" என்றார்.

எல்லோரும் அவருக்கு இருமல் வந்துவிட்டது என்று தண்ணீர் நீட்டினார்கள்.

"இருமல் இல்ல. பிரெஞ்சுல நீதிபதிக்கு 'ழூழ்'. நம்ம ஊருக்குன்னு ஒரு கௌரவம் வேணாமா? ஜட்ஜுன்னு இங்கிலீஷ்ல கத்தறதுக்கு இது என்ன கடலூரா?"

கூட்டம் மெய்சிலிர்த்தது. பிரெஞ்சுப் பெயரில் 'ஜ' போல வரும் இடத்தில் தமிழில் 'ழ' போடுவது இந்த ஊரின் பழைய வழக்கம். ஒரே சொல்லில் பிரெஞ்சும் தமிழின் சிறப்பெழுத்தும், அதுவும் இரண்டு முறை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்தச் சொல்லை உச்சரிக்க அந்த அறையில் ஒருவருக்குத்தான் வரும் என்பதை யாரும் தீர்மானமாகக் கொண்டுவரவில்லை.

பிறகு விதிகள் மளமளவென்று பிறந்தன. அழைக்கிறவர் எழுந்து நின்று வலது கையைக் காது மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். அதற்கு மேலே போனால் கட்சிக் கூட்டம், கீழே போனால் பஸ்ஸை நிறுத்துவது. அண்ணன், மாமா, ஐயா, சார் எதுவும் கூடாது. உறவு கொண்டாடி நீதியை வளைப்பதாகும். 'ழூழ்' என்று மூன்று முறை அழைக்க வேண்டும். மூன்று முறையும் சரியாக உச்சரிக்காமல் நடுவர் வராது போனால், அழைத்தவரின் புகார் எக்ஸ்பார்ட்டி.

"கோர்ட்ல வராதவங்கதான தோப்பாங்க?" என்று இஃப்ஃபத் மெதுவாகக் கேட்டாள். "இங்க நீங்க வரலன்னா நாங்க தோக்கணுமா?"

"அது கோர்ட்டு, இது கழகம்" என்றார் சுமலதா, எழுதிக்கொண்டே.

அழைக்கும்போது எதிராளியைப் பார்க்கக் கூடாது. அவர் மனம் புண்படும். அழைப்பினால் அவர் ஆட்டம் தடைப்படவும் கூடாது. அவர் பாட்டுக்கு ஆடலாம். கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. அது கடிகாரத்தை அவமதிப்பதாகும். நடுவர் எக்காரணம் கொண்டும் விரைந்து நடக்கக் கூடாது. புகார் சொல்லும்போது 'போங்கு', 'திருட்டு', 'ஏமாத்து' முதலிய சொற்கள் தடை செய்யப்படுகின்றன. அதற்குப் பதிலாக, "என் மதிப்பிற்குரிய எதிராளியிடம் அட்டைகளின் எண்ணிக்கை சற்றே வளமாக உள்ளது" என்று கூற வேண்டும். இந்த வாக்கியத்தை முன்மொழிந்தவன் ஆட்டக்காரர்களின் பிரதிநிதியாக வந்திருந்த செல்வகுமார் என்ற இளைஞன். பணிவென்றால் அப்படியொரு பணிவு. கூட்டத்துக்கு வந்தபோதும் கும்பிட்டான், போனபோதும் கும்பிட்டான், இடையில் மின்விசிறியைப் போட்டதற்கும் கும்பிட்டான்.

புத்தகம் கல்யாணப் பத்திரிகை அட்டையில்தான் அச்சாயிற்று. கடையில் வேறு அட்டை இல்லை. ஓரத்தில் மல்லிகைச்சரமும், அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற தங்க எழுத்தும் ஏற்கெனவே இருந்தன. மிசியே அந்துவான் அதைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், மரியாதையா இருக்கு" என்று சொல்லிவிட்டார். அப்துல் மாலிக் ஒரு பிரதியைப் புரட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, நானும் எத்தினியோ பத்திரிகை அடிச்சிருக்கேன். சம்பந்தியக்கூட யாரும் இவ்ளோ மரியாதையா கூப்பிட்டதில்லயே."

"நான் கூப்பிடற மாதிரியே வராதுத்தா. ஒழுங்கா ஆடிட்டு வந்துடுவேன்."

"ஆமா, நீ ஒழுங்கா ஆடுவ. எதுர உக்காந்திருக்கறவன்?"

அந்தக் கேள்வி உறுத்தியதால் இஃப்ஃபத் வீட்டில் பயிற்சியைத் தொடங்கினாள். நாக்கை மடித்தாள், சுழற்றினாள், அண்ணத்தில் ஒட்டிப் பார்த்தாள். அம்மா ஜீனத்துன்னிசா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்னாடி, தொண்டைல மீன் முள்ளா? சோத்த உருட்டி முழுங்கு!" ஒரு வாரத்தில் பத்துக்கு மூன்று தடவை சரியாக வந்தது. மீதி ஏழு தடவையும் வாயிலிருந்து வந்தது 'ஜூஸ்'.

அவளுக்கு மட்டும் அப்படியென்று நினைக்க வேண்டாம். போட்டிக்கு முந்தின ஞாயிறு, சாரத்துக் கல்யாண மண்டபத்தில் அழைப்பு ஒத்திகை நடந்தது. அறுபத்துநான்கு ஆட்டக்காரர்கள் எழுந்து நின்று, கையைக் காது மட்டத்துக்குத் தூக்கி, ஒரே குரலில் முழங்கினார்கள்: "ஜூஸ்! ஜூஸ்! ஜூஸ்!"

மண்டபத்து வாசலில் எலுமிச்சை ஜூஸும் சாத்துக்குடியும் விற்றுக்கொண்டிருந்த கொளஞ்சி அசந்துபோனார். வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி. மழை ஏமாற்றினால் டவுனுக்கு வந்து தள்ளுவண்டி போடுகிறவர். ஐம்பது வயதில் இப்படியொரு வரவேற்பை அவர் எதிர்பார்க்கவில்லை. தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். மேடையில் இருந்த கோவிந்தராசு அசையவில்லை. தன்னை யாரும் கூப்பிடவில்லையே, எதற்கு அசைவார்?

கமிட்டி இந்தச் சிக்கலை ஆழ்ந்து பரிசீலித்து, கொளஞ்சியைப் போட்டியின் 'அதிகாரபூர்வ பானப் பங்காளி' ஆக்கியது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். புது விதிகள் வந்த பிறகு போட்டியில் ஏமாற்று அடியோடு ஒழிந்தது. முதல் சுற்றில் புகார் இல்லை, இரண்டாம் சுற்றில் புகார் இல்லை, அரையிறுதியிலும் இல்லை. நாற்பத்தேழு ஜூஸ் போனதாகக் கொளஞ்சி சொன்னார். "பாத்தீங்களா, மனுஷங்க எப்படித் திருந்திட்டாங்க!" என்று சுமலதா மைக்கில் கண் கலங்கினார்.

இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். இஃப்ஃபத்தும் செல்வகுமாரும்.

கோவிந்தராசு மேடையோரத்தில் மாப்பிள்ளை நாற்காலியில், சிவப்பு வெல்வெட்டின் மேல் அமர்ந்திருந்தார். கழகம் அவருக்குப் புதிதாக ஒரு பட்டை தைத்துக் கொடுத்திருந்தது. அதைக் குறுக்கே போட்டிருந்தார். அவருக்கும் ஆட்ட மேசைக்கும் பதினோரு அடி. எதிரே நூறு பேர் நாற்காலிகளில். கரண்ட் போய்விட்டதால் ஜெனரேட்டர் ஜன்னலுக்கு வெளியே அலறிக்கொண்டிருந்தது.

"அக்கா, வணக்கம் அக்கா" என்றான் செல்வகுமார். "நீங்க ஜெயிக்கணும்னுதான் நான் வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள் இஃப்ஃபத்.

ஒவ்வொரு சீட்டு எடுக்கும்போதும் அவன் அனுமதி கேட்டான். "அக்கா, எடுத்துக்கட்டுமா?" எடுத்த பிறகு, "நன்றி அக்கா." கூட்டத்தில் இருந்த அம்மாக்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளை முழங்கையால் இடித்து, "பாரு, கத்துக்கோ" என்றார்கள். முதல் ஆட்டம் அவன் ஜெயித்தான். இரண்டாவதை அவள் பிடுங்கினாள். மூன்றாவதுதான் எல்லாம்.

மூன்றாவது ஆட்டத்தின் பாதியில் கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் நின்றது. மண்டபம் நிசப்தமாயிற்று. கடிகாரத்தில் ஆறு நிமிஷம் மிச்சம். இஃப்ஃபத்துக்கு ஏழு உயிர், அவனுக்கு நான்கு. அவள் கையில் எரிமலைப் பல்லி இருக்கிறது. சரியாக நான்கு உயிரைத் தின்னும் பல்லி. அடுத்த முறை இறக்கினால் கோழிக்கோடு. அத்தாவுக்குப் போன் பண்ணி என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

"அக்கா, எடுத்துக்கட்டுமா?"

எடுத்தான். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

பத்து வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை எண்ணிக் கட்டுகிறவள். ஒரு அட்டை உரசி வந்தால் என்ன சத்தம், இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் என்ன சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். இது இரண்டு. சந்தேகமே இல்லை.

அவளுக்கு ரத்தம் சுர்ரென்று ஏறியது. 'டேய், போங்கு' என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். நாற்பத்தொரு விதியும் கண்முன் வரிசையாக ஓடின. எழுந்தாள். வலது கை, காது மட்டம். எதிராளியைப் பார்க்காமல் மேடையைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

"ஜூஸ்!"

கோபத்தில் நாக்கு எங்கே மடியும்?

கொளஞ்சி தட்டோடு பறந்து வந்தார். "சாத்துக்குடியா, எலுமிச்சையா? ஐஸ் போட்டுடவா?"

"நீங்க இல்லண்ணே!"

"ஜூஸுன்னியேம்மா?"

செல்வகுமார் மலர்ந்த முகத்தோடு, "நீங்க நிதானமா கூப்பிடுங்க அக்கா. நான் இத மட்டும் வெச்சுக்கறேன்" என்று ஒரு சீட்டை மேசையில் வைத்தான். எலும்பு ராஜா. ஐந்து உயிர் போயிற்று. இஃப்ஃபத்துக்கு மிச்சம் இரண்டு. எலும்பு ராஜா மேசையில் நிற்கும்வரை பல்லி உள்ளே நுழைய முடியாது. 

"ஜூஜ்!" என்றாள் இரண்டாவது முறை.

கோவிந்தராசு லேசாக நிமிர்ந்தார். தன் பெயர் பக்கத்து வீட்டில் அடிபடுகிறதோ என்று கேட்பவர்போல் ஒரு காதைச் சாய்த்தார். பிறகு தலையை ஆட்டி மறுத்தார். கொளஞ்சி இன்னொரு டம்ளரை ஊற்றி நீட்டினார்.

மூன்றாவதும் தவறினால் எக்ஸ்பார்ட்டி. இஃப்ஃபத் கண்ணை மூடினாள். அம்மா சொன்ன மீன் முள்ளை நினைத்தாள். உண்மையாகவே தொண்டையில் முள் மாட்டியதாக எண்ணி, உயிரைக் கொடுத்து அதை வெளியே தள்ளினாள்.

"ழூழ்!"

ஆகா! முன்வரிசையில் மிசியே அந்துவான் எழுந்து நின்று, "பிராவோ!" என்று கைதட்டினார். மண்டபமே கைதட்டியது. கோவிந்தராசு எழுந்தார். பட்டையை நேராக்கினார். மேடைப் படி ஒன்றில் நின்று மூச்சு வாங்கினார். பதினோரு அடியையும் கல்யாண ஊர்வலத்தின் வேகத்தில் கடந்து வந்தார். கடிகாரத்தில் ஒன்றரை நிமிஷம் இருந்தது.

"பேரு?"

"இஃப்ஃபத்."

"தகப்பனார் பேரு?"

"அப்துல் மாலிக். ஐ... இவன் ரெண்டு..."

"புகார முறையா சொல்லும்மா."

இஃப்ஃபத் பல்லைக் கடித்தாள். தான் இரண்டு முறை பிழை திருத்திய வாக்கியத்தை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தாள். "என் மதிப்பிற்குரிய எதிராளியிடம் அட்டைகளின் எண்ணிக்கை சற்றே வளமாக உள்ளது."

"தம்பி, கையில எத்தினி இருக்கு?"

"மூணுங்க." செல்வகுமார் விரித்துக் காட்டிக் கும்பிட்டான்.

"மூணுதான இருக்கணும்?"

"அதிகமா எடுத்தத மேசைல எறக்கிட்டான்!" என்றாள் இஃப்ஃபத். "இதோ, இந்த எலும்பு ராஜா!"

"நான் கையைத்தானேம்மா கேட்டேன்."

கொளஞ்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, நானே பாத்தேங்க. இந்தம்மா மொத வாட்டி கூப்பிட்டப்ப பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன். அந்தத் தம்பி மடியில ஒண்ணு இருந்துது, அதத்தான் எறக்கினாரு."

கோவிந்தராசு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ன யாரு கூப்பிட்டது?"

"இந்தம்மாதாங்க."

"அப்ப நீ அவங்க தரப்பு ஆளு. உன் சாட்சி செல்லாது."

மணி அடித்தது. நான்குக்கு இரண்டு என்ற உயிர்க்கணக்கில் செல்வகுமார் வெற்றி. கோப்பை அவனுக்கு. கோழிக்கோடு அவனுக்கு. புகார் சொல்லப்பட்டபோதும் கோபப்படாமல் இருந்ததற்காக நன்னடத்தைக் கேடயமும் அவனுக்கு. இஃப்ஃபத்தைக் கழகம் கைவிட்டுவிடவில்லை. மூன்றாவது அழைப்பைச் சரியாக உச்சரித்ததற்காக அவளுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மல்லிகைச்சரம் போட்ட அதே அட்டை. முந்தாநாள் அவளே அச்சடித்து, பெயர் எழுதும் இடத்தில் புள்ளி வைத்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று அடக்கினாள். மூன்று வருஷம். இனி அந்தக் கதவு திறக்காது. வந்தவர்களெல்லாம் செல்வகுமாரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தராசு மட்டும் மாப்பிள்ளை நாற்காலியருகே தனியாக நின்று பட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"இப்ப ஐயான்னு கூப்பிடலாமில்ல?"

"ஆட்டம் முடிஞ்சிடுச்சேம்மா. தாராளமா கூப்பிடு."

"ஐயா, நான் உங்க மேல தப்பு சொல்லல. என் நேரம். அவன் ரெண்டு எடுத்தப்ப நீங்க வேற எங்கியோ பாத்துக்கிட்டு இருந்துட்டீங்க. இந்தப் பக்கம் மட்டும் பாத்திருந்தீங்கன்னா நான் இன்னிக்கு கோழிக்கோட்டுக்குப் போற ஆளு."

கோவிந்தராசுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷ சர்வீஸில் கவனக்குறைவு என்று அவரை ஒருவரும் சொன்னதில்லை.

"யாரு பாக்கல? நல்லா கேட்டியே! எலும்பு ராஜாவ எடுத்தத பாத்தேன். அதுக்கு முன்ன, மொத ஆட்டத்துல ரெண்டு வாட்டி எடுத்தான், அதயும் பாத்தேன். ரெண்டாவது ஆட்டத்துல ஒரு வாட்டி, அதயும் பாத்தேன். மொத்தம் நாலு. நீதான் ஒண்ணோட நின்னுட்ட."

இஃப்ஃபத் நான்கு விரலை நீட்டினாள்.

"நாலு வாட்டி பாத்துட்டு, சும்மாவா உக்காந்திருந்தீங்க?"

அவர் மடித்த பட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மிகவும் மனம் நொந்தவராக அவளைப் பார்த்தார்.

"என்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? கூப்பிடாத எடத்துக்கு எழுந்து வர்றதுக்கு, நான் என்னா மரியாத தெரியாதவனா?"